பதினான்கு அறைகளும் 240 கிராமும்: வெள்ளவத்தை விடுதியொன்றில் புரொப்பேன் ஏ.சி. பற்றிய நிகழ்வு ஆய்வு

இது கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு சிறு விடுதியில் 2019 முதல் 2024 வரை நடந்தது. ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தின் கீழ், புரொப்பேன் வாயுவில் ஓடும் 14 ஏ.சி.கள் அங்கே பொருத்தப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் அவற்றில் நான்கு, ஓட்டக் கூடாத நிலைக்கு வந்துவிட்டன. 2021 டிசம்பரில் விடுதிக்காரர் என்னை அழைத்தார். நான் குளிரூட்டல் துறையில் வேலை செய்பவன். மெக்கானிக்குகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன். நான் போவதற்கு முன் நடந்ததை விடுதியின் பற்றுச்சீட்டுகளிலிருந்தும் மெக்கானிக்குகளின் வாய்மொழியிலிருந்தும் சேர்த்தேன். பிறகு நடந்தது நேரில் பார்த்தது. யாருடைய பெயரும் திட்டத்தின் பெயரும் இங்கே இல்லை.

விடுதியும் பழைய ஏ.சி.களும்

காலி வீதிக்கும் கரையோர ரயில் பாதைக்கும் நடுவே இறங்கும் ஒழுங்கைகளில் இப்படியான விடுதிகள் பல உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் விசாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கலியாணத்துக்கு உடுப்பு எடுக்க என்று வருபவர்கள் இரண்டு மூன்று நாள் தங்கிப் போவார்கள். இந்த விடுதிக்கு நான்கு மாடி, 14 அறைகள். நடத்துபவர் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. கணவர் காலமான பிறகு தனியாகவே பார்த்துக்கொள்கிறார். தங்க வருகிறவர்களுக்கும் ஒழுங்கைக்காரர்களுக்கும் அவர் அன்ரி.

அங்கே முன்பு இருந்தவை ஆர்-22 வாயுவில் ஓடிய, 9,000 பி.டி.யூ. (குளிர்விக்கும் திறனின் அளவு) இயந்திரங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வெளி யூனிட் நீண்ட நாள் தாங்காது. இரண்டு மூன்று வருடத்தில் அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டால் வெள்ளைப் பொடியாகக் கொட்டும். அதற்குப் பின்னால் செப்புக் குழாயில் ஊசித்துளை விழும், காஸ் போய்விடும். மெக்கானிக் வருவார், காஸ் போடுவார், போவார். துளையை அடைப்பது அபூர்வம். வருடத்துக்கு நான்கைந்து அறைக்காவது இப்படிக் காஸ் போட்டதாகச் சீட்டுகள் சொல்கின்றன.

ஓர் இயந்திரத்தில் சுமார் 700 கிராம் ஆர்-22 இருக்கும். அந்த வாயு ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. புவியைச் சூடாக்குவதிலும் காபனீரொட்சைட்டை விட 1,810 மடங்கு வலியது. ஓர் இயந்திரம் முழுதாகக் கசிந்தால் ஒன்றேகால் தொன் காபனீரொட்சைட் காற்றில் விட்டதற்குச் சமம். வெள்ளவத்தை முதல் தெஹிவளை வரை கடற்கரையோரம் தொங்கும் வெளி யூனிட்டுகளை ரயில் ஜன்னலிலிருந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் மனதில் ஓடும்.

ஏன் புரொப்பேன்

1987-ன் மொன்றியல் உடன்படிக்கைப்படி வளர்முக நாடுகள் ஆர்-22 வகை வாயுக்களை 2030-க்குள் ஏறக்குறைய முழுதாகக் கைவிட வேண்டும். அதற்கு மாற்றாக முதலில் வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் சூடாக்கும் திறன் காபனீரொட்சைட்டைப் போல 2,088 மடங்கு. ஒரு பிரச்சினையை விட்டு இன்னொன்றில் விழுந்த கதை. அதனால் 2016-ல் அந்த உடன்படிக்கைக்குக் கிகாலி திருத்தம் வந்தது. இலங்கை 2018-ல் அதை ஏற்றது. நம்மைப் போன்ற நாடுகள் 2024-ல் ஆர்-410ஏ போன்ற வாயுக்களின் அளவை உறையவைத்து, 2045-க்குள் 80 சதவீதம் குறைக்க வேண்டும்.

ஆர்-290 என்பது சுத்திகரித்த புரொப்பேன். சூடாக்கும் திறன் வெறும் 3. மின்சாரமும் குறைவாக இழுக்கும். ஒரே குறை, தீப்பிடிக்கும்.

வளர்ந்த நாடுகளிலிருந்து நமக்கு வரும் தொழில்நுட்பக் கைமாற்றம் என்றதும் காப்புரிமை பற்றியே பேச்சு போகிறது. அது வீண் பேச்சல்ல. மொன்றியல் உடன்படிக்கையின் 10ஏ பிரிவே, நியாயமான, மிகச் சாதகமான நிபந்தனைகளில் தொழில்நுட்பத்தைத் தர வேண்டும் என்கிறது. பாரிஸ் ஒப்பந்தத்திலும் 10-ஆம் பிரிவு இதற்கானது. ஆனால் இந்த நிகழ்வில் காப்புரிமைப் பூட்டு எதுவும் இல்லை. புரொப்பேன் யாருக்கும் சொந்தமானதல்ல. 1990-களின் தொடக்கத்தில் முன்னாள் கிழக்கு ஜெர்மனிப் பகுதியிலிருந்த ஃபோரோன் தொழிற்சாலை, கிரீன்பீஸ் அமைப்போடு சேர்ந்து ஹைட்ரோகாபன் (புரொப்பேன் போன்ற வாயு) குளிர்சாதனப் பெட்டியைச் செய்தது. அந்த நுட்பத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து விட்டார்கள். அது சீனாவரை போய்ச் சேர்ந்தது. 2012-ல் இந்தியாவின் கோத்ரெஜ் நிறுவனம் ஜெர்மன் ஒத்துழைப்புடன் புரொப்பேன் ஏ.சி.யைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. போட்டி வாயுவான ஆர்-32-க்கும் டைக்கின் நிறுவனம் தன் 93 காப்புரிமைகளை 2011-லேயே வளரும் நாடுகளுக்கு இலவசமாக்கியது. கதவு திறந்துதான் இருந்தது. அப்படியிருந்தும் வெள்ளவத்தையில் கோளாறு ஆனது ஏன் என்பதே எனக்கு முக்கியமான கேள்வி.

2019: பொருத்தியதும் பயிற்சியும்

ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு விடுதி காலியாகிக் கிடந்தது. வேலைக்கு அது வசதியாகப் போனது. ஆகஸ்டில் ஒன்பது நாட்களில் 14 இயந்திரங்களையும் மாட்டி முடித்தார்கள். விலையில் பெரும்பங்கைத் திட்டம் ஏற்றது, மிச்சம் அன்ரியுடையது. எல்லாம் ஒரே மாதிரி, 9,000 பி.டி.யூ., ஒவ்வொன்றிலும் 240 கிராம் ஆர்-290. வெளி யூனிட்டில் மஞ்சள் முக்கோணத்துக்குள் நெருப்புப் படம் போட்ட ஸ்டிக்கர்.

பயிற்சி ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் நடந்தது. திரையில் ஆங்கிலப் படங்கள், விளக்கம் ஆங்கிலத்தில், இடையிடையே சிங்கள மொழிபெயர்ப்பு. விடுதிக்கு வழக்கமாக வேலை செய்யும் கொட்டாஞ்சேனைப் பட்டறையிலிருந்து இருவர் போனார்கள்: ஐம்பத்தைந்து வயதான தலைமை மெக்கானிக், அவருடைய அக்கா மகன். தலைமை மெக்கானிக்கை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன். முப்பது வருட அனுபவம் உள்ளவர், தமிழில் படித்தவர். பின்னாளில் என்னிடம் சொன்னார்: "படமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு சேர். ஆனா ரெண்டு நாள்ல ஒரு ஸ்பெனரைக்கூடக் கையில எடுக்கல."

இருவருக்கும் சான்றிதழ் கிடைத்தது. கையேடு ஒரு பிரதி, ஆங்கிலமும் சீனமும். அது அன்ரியின் அலுமாரியில் காணி உறுதிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. மெக்கானிக் யாரும் அதைத் திறந்ததில்லை. அந்த டிசம்பரில் திட்டம் முடிந்தது. கடைசி அறிக்கையின் நகல் அன்ரியிடம் உண்டு. "14 இயந்திரங்கள் பொருத்தப்பட்டன, 2 தொழில்நுட்பவியலாளர்கள் பயிற்றப்பட்டனர்" என்பதே அதில் இந்த விடுதி பற்றிய பதிவு.

2020 தொடக்கத்தில் அக்கா மகன் கட்டாருக்குப் போனான். மார்ச்சில் ஊரடங்கு. விடுதி மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது.

2021 மார்ச்: முதல் கசிவு

மூன்றாம் மாடியில் ஓர் அறை குளிரவில்லை. மாஸ்டர் அப்போது கண் சத்திரசிகிச்சை செய்து வீட்டில் இருந்தார். வேறொரு கடையிலிருந்து இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். அவனை நான் பிறகு தேடிப் போய்ச் சந்தித்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான்.

கசிவு பார்க்கும் கருவியைக் குழாய் நெடுகப் பிடித்திருக்கிறான். சத்தமே இல்லை. அந்தக் கருவி குளோரின், புளோரின் கலந்த வாயுக்களை மட்டுமே அறியும் வகை. புரொப்பேனில் இரண்டும் கிடையாது. பக்கத்தில் ஊதினாலும் அது பேசாது. இது அவனுக்கு யாரும் சொல்லித் தராத விஷயம். கசிவு இல்லை, காஸ்தான் பழசாகிக் குறைந்துவிட்டது என்று நினைத்து, கையிலிருந்த ஆர்-22-ஐ ஏற்றிவிட்டான். கேஜில் வழக்கமான அழுத்தம் காட்டியது. ஆர்-22-ம் புரொப்பேனும் கேஜ் முள்ளில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். குழாய் வேர்த்தது, அறை குளிர்ந்தது. "காஸ் போட்டது, ரூபாய் 4,500" என்று சீட்டு எழுதிக் கொடுத்தான்.

அடுத்த ஐந்து மாதத்தில் இன்னும் இரண்டு அறைகளுக்கும் அதே வைத்தியம். இன்னோர் அறையில் மின்சாரம் போய் வந்தபோது உள் யூனிட்டின் போர்ட் (மின்சுற்றுப் பலகை) எரிந்தது. அசல் போர்ட்டைத் தருவிக்க இறக்குமதிக் கட்டுப்பாடு விடவில்லை. புறக்கோட்டையில் எல்லா ஏ.சி.க்கும் பொருந்தும் என்று விற்கும் பொதுப் போர்ட் ஒன்றை வாங்கிப் பூட்டினார்கள். அதன் ரிலே மூடப்பட்டதல்ல. ஒவ்வொரு தடவை இணைந்து விலகும்போதும் சிறு பொறி பறக்கும். சாதாரண ஏ.சி.யில் அது ஒரு பொருட்டே இல்லை. எரியும் வாயு ஓடும் பெட்டிக்குள் பொறி வரவே கூடாது என்பதற்காகத்தான் அசல் போர்ட்டை வேறு மாதிரிச் செய்திருக்கிறார்கள்.

2021 நவம்பர்: பயம்

அந்த மாதம் நாடு முழுக்க வீடுகளில் சமையல் காஸ் வெடித்த செய்திகள் வரத் தொடங்கின. சிலிண்டருக்குள் புரொப்பேன் பங்கு கூட்டப்பட்டதா, மணமூட்டி போதுமா என்று பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் விவாதம். புரொப்பேன் என்ற சொல்லை முன்பு கேள்விப்படாதவர்கள்கூட அதைச் சொல்லிப் பயந்தார்கள்.

தங்க வந்த ஒருவர் பல்கனியில் நின்று நெருப்பு ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, அன்றிரவே அறையைக் காலி செய்தார். மறுநாள் அன்ரி வேலைக்காரப் பையனைக் கொண்டு, எட்டக்கூடிய எல்லா ஸ்டிக்கரையும் சுரண்டி எடுத்துவிட்டார். 14-ல் 11 போய்விட்டது. எனக்கு அழைப்பு வந்தது அதற்குப் பிறகுதான்.

"தம்பி, எங்கட சுவரில பதினாலு சிலிண்டர் தொங்குதெண்டு சனம் சொல்லுது. உதுகளைக் கழட்டிப்போட்டு வேற போடுங்கோ."

வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 12.5 கிலோ. இந்த 14 இயந்திரங்களையும் சேர்த்தாலும் 3.36 கிலோதான். அதாவது அவருடைய குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு சிலிண்டரின் கால்வாசியை விடக் கொஞ்சம் கூட. இதைச் சொன்னதும் கொஞ்சம் அமைதியானார். ஆனால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. சமையல் காஸில் மணம் சேர்ப்பார்கள், ஏ.சி.யில் போடும் புரொப்பேனுக்கு மணமே கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரியாது.

அறை அறையாகப் பார்த்தபோது

மாஸ்டரும் நானும் இரண்டு நாள் பார்த்தோம். சவர்க்கார நுரை, பிரஷ், மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர், அளவுநாடா, எரிவாயுவை அறியும் கருவி ஒன்று. அந்தக் கருவி இரவல்.

ஒன்பது இயந்திரங்கள் சரியாக ஓடின, 3.5 முதல் 3.7 அம்பியர் மின்சாரம் இழுத்தன. பெயர்ப்பலகையும் 3.6 என்கிறது. மூன்று மட்டும் 4.2-க்கு மேலே இழுத்தன. அவைதான் ஆர்-22 கலந்தவை. ஒரே அளவு கம்பிரசரில் ஆர்-22 புரொப்பேனை விட அதிக வேலை வாங்கும், அதனால் மின்சாரமும் ஏறும். கேஜ் மறைத்ததைக் கிளாம்ப் மீட்டர் காட்டிக் கொடுத்தது. இன்னொன்று பொதுப் போர்ட் பூட்டியது. மற்றொன்றில், உள் யூனிட்டுக்குப் பின்னால் நட்டு இறுக்கும் இடத்தில் நுரை மெல்ல மெல்லக் குமிழ் விட்டது. ஒரு குமிழ் பெரிதாகி உடைய ஏறக்குறைய அரை நிமிடம். மாஸ்டர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று குமிழ் வரை பேசாமல் பார்த்தார். "இதை அந்தப் பழைய கசிவு மெசின்ல வச்சிப் பார்த்திருந்தா ஒண்ணுமில்லன்னு போயிருப்பேன் சேர்" என்றார்.

எங்கள் இருவரையும் அதிகம் உலுக்கியது வேறொன்று. ஐ.ஈ.சி. 60335-2-40 என்ற சர்வதேசத் தரம், அறையின் பரப்பைப் பொறுத்து எவ்வளவு எரியும் வாயு வைக்கலாம் என்று வரம்பு சொல்கிறது. சுவரில் மாட்டும் யூனிட்டுக்கு, 11 சதுர மீற்றர் அறையில் சுமார் 250 கிராம் வரை சரி. 9 சதுர மீற்றர் என்றால் 226 கிராம்தான். மேல் மாடியில் இரண்டு அறைகள் 9 சதுர மீற்றர். அங்கே தொங்கியது 240 கிராம். சரியாக ஓடிய ஒன்பதில் அந்த இரண்டும் சேர்த்தி. 2019-ல் யாரும் அளவுநாடா பிடிக்கவில்லை. அறைகளை எண்ணினார்கள், அவ்வளவுதான்.

14 கிராம் கூடினால் உடனே வெடித்துவிடாது. அந்த அறையின் காற்று முழுவதிலும் 240 கிராம் சமமாகக் கலந்தால்கூட, தீப்பிடிக்கத் தேவையான செறிவில் கால்வாசிதான் வரும். ஆனால் புரொப்பேன் காற்றை விடக் கனமானது. சமமாகக் கலக்காது, தரையில் படுத்துக்கிடக்கும். வரம்பை இவ்வளவு தாழ்த்தி வைத்திருப்பது அதற்காகத்தான். அதைத் தாண்டி ஓர் ஆளைத் தூங்கவிட எனக்கு மனமில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்ற அன்ரியின் யோசனையை நான் ஏற்கவில்லை. இயந்திரத்தில் பிழை இல்லை. பிழை எல்லாம் அதைச் சுற்றி நடந்தது. ஆர்-410ஏ வைத்தாலும் இதே கடற்காற்று இதே போலத் துளைக்கும். அப்போது கசிவது 2,088 மடங்கு வாயு. ஆர்-32 என்றால் 675. அதோடு, அன்றைய நிலையில் புதிய 14 ஏ.சி.க்கான விலையைக் கேட்டதும் அவரே பேச்சை நிறுத்திக்கொண்டார்.

நான்கு இயந்திரங்களை அன்றே நிறுத்தினோம். சுவிட்சை இறக்கி, டேப் ஒட்டி, சாவியை அன்ரியிடம் கொடுத்தோம். சிறிய அறைகள் இரண்டிலும் இருந்த நல்ல இயந்திரங்களைக் கழற்றி, நிறுத்திய மூன்று கலப்படக்காரரில் இருவருடைய இடத்தில் மாட்டினோம். அந்த அறைகள் 12 சதுர மீற்றர். சிறிய அறைகள் இனி மின்விசிறி அறைகள், வாடகை குறைவு. அன்ரிக்கு இது பிடிக்கவில்லை. மாதத்துக்கு எவ்வளவு குறையும் என்று என் முன்னாலேயே கணக்குப் பார்த்தார். கடைசியில் சரி என்றார்.

நட்டில் கசிந்ததைக் குழாய் வாயை வெட்டிப் புதிதாக விரித்து இறுக்கிச் சரிசெய்தோம்.

கலப்பு வாயுவுக்கு உடனடித் தீர்வு இல்லை. ஓசோனை அரிக்கும் என்பதால் வெளியே விடவும் முடியாது. எரியும் என்பதால் சாதாரண மீட்புக் கருவியால் உறிஞ்சவும் முடியாது. வாயுவை வெளி யூனிட்டுக்குள் இழுத்து வால்வை மூடி, மூன்றையும் மொட்டை மாடியில் தகரக் கூரையின் கீழ் வைத்தோம்.

ஸ்டிக்கர் விஷயத்தில் அன்ரியைக் கண்டிக்க எனக்கு உரிமையில்லை. அது எதற்கு என்று யாரும் அவருக்கு விளக்கவே இல்லை. தங்க வருபவரைப் பயமுறுத்த அல்ல, அடுத்து ஏறப்போகும் மெக்கானிக்கை எச்சரிக்கத்தான் அது என்று சொன்னேன். புதிய அட்டையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினோம்: இதில் ஆர்-290, 240 கிராம், வேறு காஸ் போடக் கூடாது, பழைய கசிவுக் கருவி இதில் வேலை செய்யாது, தொடுவதற்கு முன் இந்த எண்ணுக்கு அழைக்கவும். சிறியதாகச் செய்து, வெளி யூனிட்டின் மூடிக்குள் ஒட்டினோம். பல்கனியிலிருந்து தெரியாது; மூடியைத் திறப்பவர் பார்க்காமல் இருக்க முடியாது.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றும் உண்டு. எல்லாம் இரண்டு மாதத்தில் முடியும் என்று அன்ரிக்கு வாக்குக் கொடுத்தேன். குளிரூட்டித் தரத்தில் புரொப்பேன் கொழும்பில் சில்லறையாகக் கிடைக்குமா என்று விசாரிக்காமலே சொன்னது அது. கிடைக்கவில்லை. ஒரு கடைக்காரர், "சமையல் காஸும் புரொப்பேன்தானே" என்றார். அதில் பியூட்டேன் கலந்திருக்கும், ஈரம் இருக்கும், மணமூட்டியின் கந்தகம் இருக்கும். கம்பிரசரும் கெடும், 240 கிராம் என்ற கணக்கும் அர்த்தமில்லாமல் போகும். வேண்டாம் என்றேன்.

2022

சமையல் காஸுக்கே தெருத்தெருவாக வரிசை நின்ற வருடம். மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனது. ரூபாய் விழுந்தது, வங்கிகளில் எல்.சி. (இறக்குமதிக்கான கடன் கடிதம்) திறக்க முடியவில்லை. ஒரு போர்ட்டுக்காக மூன்று இறக்குமதியாளர்களிடம் நடந்தேன். பதில் ஒன்றுதான்: டொலர் இல்லை. கடவுச்சீட்டு எடுக்க வந்தவர்களால் விடுதி மட்டும் நிரம்பி வழிந்தது. ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் இன்னும் 66. ஏ.சி.களைக் கழற்றச் சொன்ன அன்ரி, நிறுத்தியவற்றை எப்போது ஓட்டலாம் என்று கேட்கத் தொடங்கினார்.

2023: பட்டறையில் மூன்று ஞாயிறு

பட்டறை முற்றத்திலேயே பயிற்சி வைத்தோம். ஏழு மெக்கானிக்குகள், ஆர்-22 போட்ட பையனும் அதில் ஒருவன். முழுக்கத் தமிழில். சிங்களம் பேசும் இருவருக்கு மாஸ்டர் கூடவே சிங்களத்தில் சொன்னார். கிராம் கணக்கில் காட்டும் தராசு, எரிவாயுக் கருவி, நைட்ரஜன் சிலிண்டர் ஆகியவற்றின் செலவைப் பட்டறையும் அன்ரியும் பங்கிட்டார்கள். இன்னொரு பட்டறையோடு சேர்ந்து ஆர்-290 சிலிண்டர் ஒன்றைத் தருவித்தோம்.

முதல் ஞாயிறு, திறந்தவெளியில் வைத்த பரிசோதனை இயந்திரம் ஒன்றில் வழக்கம்போலக் கைப்பதத்தில் காஸ் போடச் சொன்னேன். சிலிண்டர் தராசின் மேல். எண் தெரியும் பக்கத்தை ஒரு சாக்கால் மூடியிருந்தேன். மாஸ்டர்தான் முதலில் வந்தார். கேஜைப் பார்த்தார், திரும்பும் குழாயை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தார், வேர்வை கம்பிரசர் வரை வந்ததும் வால்வை மூடினார். முப்பது வருடமாக ஆர்-22-க்கு அவர் செய்துவந்த முறை அது. அதில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் இயந்திரம் பொறுத்துக்கொள்ளும். சாக்கை எடுத்தேன்: 330 கிராம். முற்றத்தில் யாரும் பேசவில்லை. மாஸ்டர் தராசைக் குனிந்து பார்த்துவிட்டு, "தொண்ணூறு கூட" என்றார். அப்புறம் தானாகவே வாயுவை எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து, இந்த முறை தராசைப் பார்த்தே போட்டார். 240.

இரண்டாம் ஞாயிறு பழைய கருவியையும் நுரையையும் ஒரே கசிவில் பக்கத்தில் பக்கத்தில் காட்டினோம். மூன்றாம் ஞாயிறு குழாய்ப் பற்றவைப்பு: வாயுவை வெளியேற்றி, நைட்ரஜனால் குழாயைக் கழுவி, கருவியில் பூச்சியம் பார்த்த பிறகே டார்ச்சைக் கொளுத்துவது. அன்றைக்குப் பட்டறையில் ஒரு பேச்சு உருவானது: "முதல்ல நைட்ரஜன், பிறகு நெருப்பு." இப்போது கடைப் பையன்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள்.

விளைவு

2023 நடுவில் அசல் போர்ட் வந்து சேர்ந்தது. எரியும் வாயுவுக்கு ஏற்ற மீட்புக் கருவி வைத்திருந்த ஓர் இடத்தில், மொட்டை மாடி இயந்திரங்களிலிருந்த கலப்பு வாயுவை ஒப்படைத்தோம். மூன்றில் ஒன்றின் கொயில் (செப்புக் குழாயும் தகடுகளும் சேர்ந்த பகுதி) முழுக்க அரித்துப்போயிருந்ததால் கழித்தோம். மற்ற இரண்டும் சுத்தமாகி, 240 கிராமோடு மறுபடி ஓடின. 2024 கடைசியில் கணக்கு: 12 அறைகளில் புரொப்பேன் ஏ.சி., 2 அறைகளில் மின்விசிறி, ஓர் இயந்திரம் உதிரிக்காக இருப்பில். மெயின் சுவிட்ச் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கும் கொப்பியில் ஒவ்வொரு வேலையும் கிராம் கணக்கோடு பதிவாகிறது. 2024-ல் இரண்டு கசிவுகள். இரண்டையும் நுரையில் கண்டு, துளையை அடைத்து, காஸைத் தராசில் நிறுத்துப் போட்டிருக்கிறார்கள்.

மின்சாரத்தையும் ஒரு முறை அளந்தேன். இங்கே ஓர் அறையிலும், பக்கத்து விடுதியில் அதே அளவான ஆர்-22 ஏ.சி. உள்ள அறையிலும், ஒரே இரவில் எட்டு மணி நேரம். இங்கே 4.9 யூனிட், அங்கே 7.2. அந்த இயந்திரம் பழையது; வித்தியாசம் முழுவதையும் வாயுவின் கணக்கில் எழுத மாட்டேன். அன்ரிக்கு அந்த இரண்டு எண்களே போதுமாக இருந்தன.

சரியாகாததும் உண்டு. ஏழு மெக்கானிக்குகளில் மூவர் 2024 முடிவதற்குள் வெளிநாடு போய்விட்டார்கள்.

மறுபடி செய்வதானால்

இயந்திரம் ஓர்டர் பண்ணுவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் அளப்பேன். அரை நாள் வேலை. சிறிய அறைகளுக்கு 200 கிராமுக்குள் நிற்கும் சிறிய இயந்திரம் கேட்டிருக்கலாம்.

கடற்கரைக்கு அரிப்புத் தாங்கும் பூச்சுப் பூசிய கொயிலைத்தான் கேட்பேன். இந்த இயந்திரங்களின் விவரக்குறிப்பில் கடல் என்ற சொல்லே இல்லை. உப்புக் காற்று எழுத்தில் வராவிட்டால் ஒப்பந்தத்திலும் வராது.

அதே கப்பலில் உதிரியும் வர வேண்டும்: 14 இயந்திரத்துக்கு இரண்டு போர்ட், ஒரு விசிறி மோட்டார், ஒரு சிலிண்டர் ஆர்-290. நாட்டில் டொலர் தட்டுப்பாடு வந்த பிறகு ஒரு போர்ட்டுக்காக ஒன்றரை வருடம் காத்திருந்ததை நினைத்தால், இந்தச் செலவு ஒன்றுமில்லை.

மொன்றியல் உடன்படிக்கையின் பல்தரப்பு நிதி, தொழிற்சாலை உள்ள நாடுகளில் உற்பத்தி வரிசையை மாற்றப் பணம் தருகிறது. நம் நாட்டில் ஏ.சி. பெரும்பாலும் பெட்டியில்தான் வருகிறது. அதனால் இங்கே இந்த முழு மாற்றமும் பழுதுபார்ப்பவர் கையில் இருக்கிறது. அந்தக் கைக்கு ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் போதாது. பட்டறையில், அவர் பேசும் மொழியில், இயந்திரம் வருவதற்கு முன் ஒரு சுற்று, பிறகு வருடத்துக்கு ஒரு சுற்று வேண்டும். ஆள் போய்க்கொண்டே இருக்கும் ஊர் இது. திட்டத்தின் பணத்தில் ஒரு பகுதியை முதல் மூன்று வருடப் பராமரிப்புக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். இறுதி அறிக்கை 2019 டிசம்பரில் அல்ல, 2022-ல் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2024 ஆகஸ்டில், போன மூவருக்குப் பதிலாக வந்த பையன்களுக்கு மாஸ்டர் தானே ஒரு ஞாயிறு வகுப்பு எடுத்தார். நான் ஊரில் இல்லை. அன்றைய கூலியை யாரும் தரவில்லை. பிளேன்டீயும் பணிஸும் அவர் செலவு. அடுத்த நாள் தொலைபேசியில் சொன்னார்: தராசைச் சாக்கால் மூடிவிட்டு முதல் பையனைப் போடச் சொன்னாராம். 355 கிராம்.

"பயந்துட்டான் சேர். நான் முன்னூத்தி முப்பது போட்டதைச் சொன்னேன். பிறகுதான் சிரிச்சான். அதுக்கப்புறம் ஒழுங்கா நிறுத்துப் போட்டான்."